பிரமிடின் அடி வரிசை

2008ஆம் ஆண்டு வாக்கில், சென்னையின் பெரிய மென்பொருள் சேவை நிறுவனம் ஒன்றில் கேம்பஸ் இன்டர்வியூ மூலம் சேர்ந்த பொறியாளருக்கு ஆண்டுச் சம்பளம் சுமார் 3 லட்சம் ரூபாய். இன்று அதே மாதிரி கல்லூரியிலிருந்து வந்து அதே மாதிரி வேலையில் சேர்கிறவருக்கு மூன்றரை லட்சம். இடைப்பட்ட காலத்தில் பெருங்குடியில் அறை வாடகை எவ்வளவு ஏறியது, மெஸ் சாப்பாடு எவ்வளவு ஏறியது என்பதை அங்கே தங்கியிருக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் தெரியும். அன்று டாலர் 45 ரூபாய்க்கு முன்னும் பின்னுமாக இருந்தது. இப்போது 85ஐத் தாண்டிவிட்டது. டாலரில் வாங்கி ரூபாயில் சம்பளம் கொடுக்கும் தொழிலில் இப்படி நடந்திருக்கிறது.

இதைப் பற்றிக் கோபத்தோடு நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் அந்த மூன்றரை லட்ச வேலையே மெல்ல மறைந்துவருவதுதான் இப்போது என்னை அதிகம் பயமுறுத்துகிறது. சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூலியில் வளர்ந்த வீடு எங்களுடையது. 2005இல் அந்த வேலையின் வாசல் வழியாகத்தான் நான் சென்னைக்குள் நுழைந்தேன். இந்தத் தொழில் உலகத்துக்கு விற்றது மென்பொருள் சேவை. தமிழ்நாட்டுக்குக் கொடுத்தது, அலுவலகத்தையே பார்த்திராத குடும்பத்துப் பிள்ளைக்குச் சம்பளமும் கொடுத்து வேலையும் கற்றுக்கொடுத்த முதல் ஒன்றிரண்டு வருடங்கள். அதைவிடப் பெரிதாக வேறெதையும் அது இங்கே செய்ததாக நான் நினைக்கவில்லை.

அந்த ஒன்றிரண்டு வருடங்களுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் தெரியாது.

வெளிநாட்டு நிறுவனங்களின் வேலையை இங்கே எடுத்துச் செய்துகொடுக்கும் அவுட்சோர்சிங்கில் விற்கப்படுவது மனித நேரம். ஒரு பேச்சுக்கு, அமெரிக்க கிளையன்ட் ஒருவர் சென்னையில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவருக்கு மணிக்கு 25 டாலர் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 160 மணி நேரத்துக்கு 4,000 டாலர். 45 ரூபாய்க் கணக்கில் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அந்த நாற்காலியில் இருக்கும் ஃப்ரெஷருக்கு, அதாவது படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்ந்தவருக்கு, கிடைப்பதோ 25 ஆயிரம். மிச்சம் அத்தனையும் லாபம் என்று சொல்லிவிட முடியாது. பத்துப் பேர் கொண்ட ஒரு அணியில் ஆறேழு பேர் புதியவர்கள், இரண்டு மூன்று பேர் அனுபவசாலிகள், மேலே ஒரு மேனேஜர். மேலே இருப்பவர்களின் சம்பளம் கீழே இருப்பவர்களின் பில்லிங்கிலிருந்து, அதாவது அவர்களுடைய நேரத்துக்குக் கிளையன்ட் தரும் பணத்திலிருந்துதான் வருகிறது. இதைத்தான் கம்பெனிகளில் ‘பிரமிட்’ என்பார்கள். ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருப்பவர்களின் சம்பளம், கட்டடம், கேப், ஆன்சைட்டில், அதாவது கிளையன்ட் இருக்கும் நாட்டில், சுற்றும் விற்பனைக்காரர்களின் செலவு எல்லாமே இதற்குள் அடக்கம். ஒரு மேனேஜரின் திறமை என்று பல வருடங்கள் மதிப்பிடப்பட்டது, பிரமிடின் அடியை எவ்வளவு அகலமாக வைத்திருக்கிறார் என்பதைத்தான். அடி அகலமாக இருந்தால் லாபம் கூடும். ஆகவே நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் புதியவர்களைச் சேர்த்தன. அவர்கள் எங்கள்மேல் பரிவுகொண்டு எங்களை எடுக்கவில்லை. அவர்களது கணக்குக்கு எங்கள் கூட்டம் தேவைப்பட்டது. அந்தத் தேவை எங்களுக்கு வாழ்க்கையாக அமைந்தது.

இந்தியாவுக்கு இந்தத் தொழில் வந்தது ஒரு பற்றாக்குறையின் வழியாக. 1970களில் வெளிநாட்டுக் கணினி ஒன்றை இறக்குமதி செய்வது சுலபமில்லை. அந்நியச் செலாவணி இல்லை, வரி கடுமையாக இருந்தது. மென்பொருள் ஏற்றுமதி செய்து டாலர் ஈட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டால்தான் இயந்திரம் கிடைக்கும். 1968இல் தொடங்கிய டாடா குழுமத்தின் டிசிஎஸ், எஃப். சி. கோலியின் தலைமையில் 1974இல் பரோஸ் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்துடன் சேர்ந்து ஏற்றுமதிக்குப் போனது இந்தச் சூழலில்தான். பிறகு 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. ஒரே கம்பெனியின் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு இருக்க வழியில்லாமல், நம் பொறியாளர்கள் கிடைத்த கணினியில் எல்லாம் வேலை பழகினார்கள். ஒரு கணினிக்கு எழுதியதை இன்னொன்றுக்கு மாற்றிக்கொடுப்பது அவர்களுக்குக் கைவந்த வேலையானது. உலகச் சந்தையில் முதலில் விலைபோனதும் அந்த வேலைதான்.

ஆரம்பத்தில் ஆட்களைத்தான் விமானம் ஏற்றி அனுப்பினார்கள். வேலை கம்பி வழியாகவும் செயற்கைக்கோள் வழியாகவும் வரத் தொடங்கியது பின்னால். அமெரிக்க நிறுவனமான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் பெங்களூருவில் மையம் தொடங்கியபோது தனக்கென்று செயற்கைக்கோள் இணைப்பு ஏற்படுத்திக்கொண்டது. 1991இல் மத்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்களைத் தொடங்கி, சிறு நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ளும்படி அப்படிப்பட்ட இணைப்பைப் பொதுவாக்கியது. வருமான வரிவிலக்கும் கிடைத்தது. அதன் பிறகு ஒய்2கே. ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்திருந்த கோபோல் (COBOL) என்ற கணினி மொழியின் பழைய நிரல்களை 2000 பிறப்பதற்குள் வரிவரியாகத் திருத்தியாக வேண்டும். அமெரிக்காவில் அதற்கு ஆள் போதவில்லை. நம்மிடம் இருந்தார்கள்.

நம்மிடம் ஏன் இருந்தார்கள் என்பதற்குத் தமிழ்நாட்டில் தனிக் காரணம் உண்டு. ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்த அதே 1984இல்தான், எம்.ஜி.ஆர். ஆட்சியில் இங்கே சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. ஒன்றை மனத்தில் வைத்து மற்றொன்றைச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் பதினைந்து ஆண்டுகள் கழித்து இரண்டும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன. 1994இல் சென்னையில் ஒரு கூட்டு நிறுவனமாகத் தொடங்கி, பின்னர் காக்னிசன்ட் என்று பெயர் மாறி, 1998இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் என்ற மென்பொருள் பூங்கா திறந்தபோது, அங்கே வந்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஆள் வேண்டியிருந்தது. கல்லூரிகளின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 500ஐத் தாண்டியது. அவற்றில் பலவற்றில் ஆய்வகம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை என்பது உண்மை. அவற்றில் ஒன்றில்தான் நான் படித்தேன். வாத்தியார்கள் போன வருடம் அங்கேயே படித்து முடித்தவர்கள்.

ஆனாலும் இடம் கிடைத்தது. 1997இல் வந்த ஒற்றைச்சாளர கவுன்சலிங், 2007 முதல் நுழைவுத் தேர்வு நீக்கம், 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை என்று மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். கோச்சிங் வகுப்புக்குப் போக வழியில்லாத கிராமத்துப் பிள்ளை, பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அண்ணா பல்கலைக்கழகத்தின் கவுன்சலிங்கில் இடம் எடுக்க முடிந்தது. பொறியியல் கல்வியைக் கெடுத்துவிட்டார்கள் என்று இதைக் குறை சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களில் ஒருவர் வீட்டிலாவது பட்டம் வாங்கிய முதல் ஆள் அவராக இருந்திருந்தால் அந்தப் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும்.

கல்லூரி சொல்லிக்கொடுக்காததைக் கம்பெனி சொல்லிக்கொடுத்தது. இதைத் தொழிலுக்கு வெளியே யாரும் போதுமான அளவு பேசவில்லை. இன்ஃபோசிஸ் மைசூரில் 300 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் பயிற்சிக்கென்றே ஒரு வளாகம் கட்டியது. சென்னையிலும் எல்லாப் பெரிய நிறுவனங்களுக்கும் பயிற்சிக்கூடங்கள் இருந்தன. மெக்கானிக்கல் படித்தவனும் சிவில் படித்தவளும் கெமிக்கல் படித்தவனும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஜாவா என்ற கணினி மொழியோ, மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினியில் செய்யும் வேலையோ படித்தார்கள். மூன்று மாதம், சில சமயம் ஆறு மாதம். நிரல் எழுதுவது அதில் ஒரு பகுதிதான். மின்னஞ்சலில் ஒரு தாமதத்தை எப்படித் தெரிவிப்பது, தொலைபேசிக் கூட்டத்தில் புரியாததை வெட்கப்படாமல் எப்படித் திரும்பக் கேட்பது, செய்த வேலையை நாளுக்கு நாள் டைம்ஷீட்டில் எப்படிக் கணக்குக் காட்டுவது என்று எல்லாமே அங்கே கற்றவை. முதல் நாளே எங்கள் பயிற்சியாளர், ‘சார்’ என்று கூப்பிடாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். ஊரில் யார் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை நூறு விஷயங்கள் தீர்மானிக்கும். அந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு, ஐம்பது வயது மனிதரைப் பெயர் சொல்லி அழைக்க நாக்கு எழவில்லை. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. என் முதுகெலும்பு அங்கேதான் கொஞ்சம் நிமிர்ந்தது.

இந்த வாசல் எல்லாருக்கும் திறந்திருந்தது என்றும் நான் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து தொடர்ச்சியாக 60 விழுக்காடு வேண்டும், அரியர் இருக்கக்கூடாது, குழு விவாதத்தில் ஆங்கிலம் தடுமாறக் கூடாது. பூல் கேம்பஸ் என்று நாலு மாவட்டத்துக் கல்லூரிகளை ஒரே இடத்தில் கூட்டுவார்கள். காலையில் ஆயிரம் பேர் வந்த வளாகத்தில் மாலையில் மிச்சம் இருப்பவர்கள் எழுபது எண்பது பேர்தான். தமிழ் வழியில் படித்த என் வகுப்புத் தோழர்கள், என்னைவிட நன்றாக நிரல் எழுதத் தெரிந்தவர்கள், அந்தக் குழு விவாதத்திலேயே வெளியே போனார்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பயிற்சி வகுப்பில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பெண்கள். மகளை மதுரையில் ஹாஸ்டலில் விடுவதற்கே யோசித்த அப்பாக்கள், கம்பெனி கேப் இரவில் வாசல்வரை கொண்டுவந்து விடும் என்ற ஒரே உறுதிமொழியை நம்பிச் சென்னைக்கு அனுப்பினார்கள். திருமணத்தை இரண்டு வருடம் தள்ளிப்போட அந்தச் சம்பளம் போதுமான காரணமாக இருந்தது. தங்கைகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்கு மாடி, அடகிலிருந்து மீண்ட நகை என்று அந்தச் சம்பளம் போன வழிகளை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

இனி, இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கனமாக இருக்கும் பகுதிக்கு வருகிறேன்.

ஒரு வேலை அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வரும்போது அது பெட்டியில் வைத்து அனுப்பப்படுவதில்லை. ‘கேடி’ என்று ஒரு கட்டம் உண்டு. நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபர் என்பதன் சுருக்கம். நம் ஆட்கள் இரண்டு மூன்று பேர் ஆன்சைட் போய், அந்த வேலையை இதுவரை செய்துகொண்டிருந்தவரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். அவர் செய்வதைப் பார்ப்பது ஒரு கட்டம். அவர் பார்த்திருக்க நாம் செய்வது அடுத்த கட்டம். அது முடிந்ததும் அவருக்கு வேலை இல்லை.

ஓஹையோ மாநிலத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு இப்படிப் போனேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி. இரவில் மெயின்ஃப்ரேமில் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக ஓடும் பேட்ச் வேலைகள் முழுவதும் அவர் பொறுப்பு. எந்த ஜாப் எந்த மாதக்கடைசியில் நின்றுபோகும், எந்த வங்கியிலிருந்து வரும் கோப்பு தாமதமானால் எதை நிறுத்திவைக்க வேண்டும், எந்தப் பிழையைப் பொருட்படுத்தாமல் மறுபடி ஓட்டலாம் என்று எல்லாவற்றையும் கையெழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். கேடியை ஒழுங்காக முடித்துக்கொடுத்தால்தான் விலகல் தொகை முழுதாகக் கிடைக்கும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அது எங்களுக்கும் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் எதையும் மறைக்கவில்லை. ஆவணத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னார். இரவு வேலை தவறி நின்றால் மறுநாள் காலையில் விபத்தில் மாட்டியவருக்குக் காசோலை போகாது என்று ஒருநாள் மிகவும் கண்டிப்பாகச் சொன்னார். அந்த நோட்டை நாங்கள் எக்செல் கோப்பாக மாற்றிச் சென்னைக்கு அனுப்பினோம். சோழிங்கநல்லூரில் ஐந்து ஃப்ரெஷர்கள் அதை வைத்துக்கொண்டு ஷிப்ட் போட்டு வேலையைப் பார்த்தார்கள். அந்த ஐந்து குடும்பங்களும் அதனால் பிழைத்தன. நான் பார்த்த இந்த வேலை நேர்மையான வேலை. ஆனால் அது யாரிடமிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு இந்தத் தொழிலைப் பற்றிப் பெருமை பேசுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கிளையன்ட் ஐதராபாத்தில் தன் சொந்த மையத்தைத் திறந்தது. எங்கள் அணி பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்த்துவந்த வேலையை அந்த மையத்துக்குக் கேடி கொடுக்கச் சொன்னார்கள். இந்த முறை நாற்காலியின் அந்தப் பக்கம் எங்கள் ஆட்கள். நாற்பது வயதில், வீட்டுக்கடனோடு, மறுபடி பெஞ்சுக்குப் போகப்போகிற ஒரு டீம் லீட், ஓஹையோ பெண்மணி செய்த அளவுக்கே முழுமையாகக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பண்பை யாரும் அப்ரைசலில் எழுதுவதில்லை.

இந்த நிறுவனங்கள் வரிசையாக நிற்கும் ஓஎம்ஆர் என்ற பழைய மகாபலிபுரம் சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. துரைப்பாக்கத்தின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பக்கத்திலேயே கண்ணகி நகர் இருக்கிறது. நகரத்தின் நடுவிலிருந்த குடிசைப் பகுதிகளை அகற்றி, அந்த மக்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம் அது. அலுவலகங்களின் கழிப்பறைகளையும் கேன்டீன்களையும் துடைத்தவர்களில் பலர் அங்கிருந்து வந்த பெண்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்கள் சுருங்கச் சுருங்கத்தான் இந்தச் சாலை வளர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிறுவனங்கள் ஊழியர்களைப் பஸ்களில் ஏற்றிப் பெங்களூருவுக்கு அனுப்பி வேலையைத் தொடர்ந்தன. துடைப்பம் பிடித்தவர்களுக்கு அப்படி ஒரு பஸ் வரவில்லை. இதைத் தனிக் கட்டுரையாக எழுத வேண்டும்.

இப்போதைய நிலைக்கு வருகிறேன். மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமின் மதிப்பீட்டின்படி 2024–25இல் இந்தியத் தொழில்நுட்பத் துறையின் வருவாய் 28,000 கோடி டாலரைத் தாண்டியது, வேலை செய்பவர்கள் சுமார் 58 லட்சம் பேர். தொழில் படுத்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பிரமிடின் வடிவம் மாறுகிறது. பன்னாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் நடத்தும் சொந்த மையங்கள் 1,700ஐத் தாண்டிவிட்டன. அவை நல்ல சம்பளம் தருகின்றன, நல்ல வேலையும் தருகின்றன. பெரும்பாலும் ஐந்தாறு வருடம் அனுபவமுள்ளவர்களை எடுக்கின்றன. அந்த ஐந்தாறு வருட அனுபவத்தை உருவாக்கியது சேவை நிறுவனங்களின் பயிற்சிக்கூடம். விதைநெல்லைச் சேர்த்துவைக்கும் வேலையை ஒருவர் செய்ய, விளைந்ததை இன்னொருவர் எடுத்துப்போகும் ஏற்பாடு இது. விதைப்பவரும் இப்போது கையை எடுக்கிறார்.

கையை எடுப்பதற்குக் காரணம் செயற்கை நுண்ணறிவு என்று எல்லாரும் சொல்கிறார்கள். பாதி உண்மை. நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் கேஸ் எழுதுவது, பழைய நிரலைப் படித்து விளக்கக்குறிப்பு தயாரிப்பது, சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்துவது என்று ஃப்ரெஷரிடம் முதல் வருடம் கொடுக்கும் வேலைகளைத்தான் இந்தக் கருவிகள் முதலில் செய்கின்றன. அந்தச் சேமிப்பில் எங்களுக்கும் பங்கு கொடு என்று கிளையன்ட்கள் கட்டணத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். மீதிப் பாதி, தேவை மந்தமானபோது நிறுவனங்கள் தேர்ந்தெடுத்த வழி. 2022க்குப் பிறகு, ஆஃபர் கடிதம் கொடுத்துவிட்டு ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல், சேரும் தேதியே சொல்லாமல் காக்கவைத்தார்கள். கல்விக்கடன் தவணை தொடங்கிவிட்ட பிள்ளைகள் ஸ்விக்கியில் உணவு கொண்டுபோனார்கள். பெரிய கம்பெனியில் வேலை என்று ஊரில் சொல்லிவிட்டதால் ஊருக்கும் போகவில்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 விழுக்காட்டினரை, ஏறத்தாழ 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள் என்றது. ஐடி ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடை இல்லை என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்தியிருந்தும், வேலை போகும் நாளில் பெரும்பாலோர் தனியாகத்தான் மனிதவளத் துறையின் அறைக்குள் போகிறார்கள்.

நடுவில் இருப்பவர்கள் வெளியேற்றப்படும்போது செய்தி வருகிறது. அடியில் சேர்க்கப்படாதவர்கள் செய்தியாவதில்லை. சேராத ஒருவருக்கு ஊழியர் எண் கிடையாது, அவரை நீக்கியதாகக் கணக்கும் கிடையாது. திருநெல்வேலிப் பக்கம் நான் படித்த கல்லூரிக்கு இப்போது வரும் கம்பெனிகளைப் பற்றி அங்கிருக்கும் வேலைவாய்ப்பு அலுவலரிடம் பேசினேன். வருகிறார்கள், நாலைந்து பேரை எடுக்கிறார்கள் என்றார். அந்த நாலைந்து பேரும் ஏற்கெனவே தங்களாகவே நிரல் எழுதப் பழகியவர்கள். வீட்டில் லேப்டாப் இருந்தவர்கள். பழகாதவரை எடுத்துப் பழக்குகிற வழக்கம் நின்றுவிட்டது என்பதுதான் இதற்கு அர்த்தம்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. ஸோஹோ நிறுவனம் பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலையில் சேர்த்துக்கொள்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்துகிறது. அது நேரத்தை விற்கும் நிறுவனம் அல்ல, சொந்த மென்பொருளை விற்கிறது. ஆகவே ஒருவரை இரண்டு வருடம் பழக்கினால் பலன் தன்னிடமே தங்கும் என்று அதனால் காத்திருக்க முடிகிறது. இதே முறையை எல்லாச் சேவை நிறுவனங்களும் அப்படியே செய்யலாம் என்று நான் நம்பவில்லை. மணிக்கணக்கில் பில் போடும் ஒரு தொழிலில் அந்தப் பொறுமைக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்தக் கேள்விக்கு அரசிடம் ஒரு பதில் இருக்கிறது, ஆனால் அது வேறு பக்கம் போகிறது. 2024–25 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு, பன்னாட்டு நிறுவனங்களின் மையங்கள் மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் தரும் வேலைகளை உருவாக்கினால், முதல் ஆண்டு 30 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 என்று சம்பள மானியம் தருவதாக அறிவித்தது. மாதம் ஒரு லட்சம் வாங்கக்கூடியவருக்கு வேலை தேட அரசின் கை தேவையில்லை. அவரை எடுக்க இன்னொரு நிறுவனம் ஏற்கெனவே வரிசையில் நிற்கும். அதே மானியத்தை, மாதம் 30 ஆயிரம் சம்பளத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவரைச் சேர்த்து ஒரு வருடம் பழக்குகிற நிறுவனத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். முப்பது விழுக்காடு என்றால் தலைக்கு மாதம் 9 ஆயிரம் ரூபாய். விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் சிறிய டைடல் பூங்காக்களைக் கட்டித் திறந்தாகிவிட்டது. ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரிகளுக்குள் பயிற்சி கொடுக்கிறது. கட்டடமும் இருக்கிறது, பாடமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சம்பளத்தோடு ஒரு வருடம் உட்கார்ந்து கற்க ஒரு நாற்காலிதான் இல்லை.

நிறுவனங்களுக்குள் இருக்கும் என்னைப் போன்றவர்களாலும் ஒன்று முடியும். புதிய ஒப்பந்தத்துக்கு மதிப்பீடு தயாரிக்கும்போது, பத்துப் பேர் அணியில் இரண்டு பேர் முதல் ஆறு மாதம் பில்லிங் இல்லாத பயிற்சியாளர்கள் என்று நான் வெளிப்படையாக எழுதிவருகிறேன். மூத்தவர்கள் விலகினால் வேலை தெரிந்த இன்னொருவர் அங்கேயே இருப்பார் என்று காரணத்தையும் எழுதுகிறேன். சில கிளையன்ட்கள் ஒப்புக்கொள்கிறார்கள், குறிப்பாகப் பழைய மெயின்ஃப்ரேம்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுடைய ஊரில் அந்த நோட்டுப் புத்தகத்தை எழுதத் தெரிந்தவர்கள் இப்போது யாரும் இல்லை. ஒப்புக்கொள்ளாதவர்கள் அந்த இரண்டு வரிகளையும் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். அடுத்த மதிப்பீட்டில் மறுபடி எழுதுகிறேன். மதிப்பீடு தயாரிக்கும் இடத்தில் இருக்கும் மற்றவர்களும் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இதைப் பொதுவில் சொல்கிறேன்.